நாலு இரண்டு முறை வந்த ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மீசை இருந்தது, மூக்குக் கண்ணாடி இருந்தது, கப்பல் ஏஜென்சி ஒன்றில் நிரந்தர வேலை இருந்தது. ஓர் ஆளை விவரமானவன் என்று ஊர் நினைக்க இவ்வளவு போதும். அந்த விவரமானவன், ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஞாயிறு தவறாமல் ஒரு நோயாளியை விளையாட்டில் ஏமாற்றிக்கொண்டிருந்தான். தோற்கடிப்பதற்காக ஏமாற்றியிருந்தால் அயோக்கியன் என்ற பட்டத்தோடு விஷயம் முடிந்திருக்கும். நான் ஏமாற்றியது அவன் ஜெயிப்பதற்காக. அதற்கு என்ன பட்டம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்த நோயாளி என் பள்ளிக்கூடத்து நண்பன். துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகள் கயிற்றில் தொங்கி மேலே வரும்போது அவற்றை எண்ணிக் கோடு போடுகிற வேலை அது. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. இப்படியே பத்து வருடம் போட்டான். சின்ன வயதில் அவனுக்கு மூட்டுவலியோடு ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. போனது காய்ச்சல் மட்டும்தான். போகிற போக்கில் அது இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது யாருக்கும் தெரியாது. இருபத்தெட்டு வயதில் கப்பல் ஏணியில் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தான். முப்பது வயதில் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அப்புறம் கட்டிலோடு சரி. மனைவியும் ஆறு வயது மகளும் இருந்தார்கள்.

அவனைப் பார்க்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து, 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்கச் சமயம் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த நேரத்தில்தான் விளையாட்டு வந்து சேர்ந்தது.

ஒரு வெளிநாட்டுக் கப்பலின் மூன்றாம் அதிகாரிக்குப் பல்வலி. ஏஜென்சி சார்பில் நான்தான் அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டேன். வாய் வீங்கிய நிலையில் நன்றி சொல்ல வராததாலோ என்னவோ, மூன்று மெல்லிய புத்தகங்களைக் கையில் திணித்துவிட்டுப் போனார். படித்துப் பார்த்தால் அது ஒரு விளையாட்டு. ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாக இறங்க வேண்டும். 'குகை வாசலில் ஒரு பூதம் நிற்கிறது, என்ன செய்கிறாய்?' என்று கதைசொல்லி கேட்பான். வெட்டுகிறேன், ஓடுகிறேன், பேசிப் பார்க்கிறேன் என்று வீரன் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் வெட்டு விழுந்ததா என்பதைப் பகடைதான் சொல்லும். அந்தப் பகடைக்கு இருபது முகம். எங்கள் ஊரில் பகடைக்கு ஆறு முகத்துக்கு மேல் யாரும் பார்த்ததில்லை.

நண்பன்தான் வழி சொன்னான். மாதாகோயில் திருவிழாவில் ஹவுஸி நடத்துவார்கள். எண் போட்ட மரவில்லைகளை ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கூவ, ஜனங்கள் தங்கள் சீட்டில் அடித்துக்கொண்டே வருவார்கள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் கூவுகிறவன் இவன்தான். பழைய வில்லைகள் வீட்டில் கிடந்தன. ஒன்றிலிருந்து இருபது வரை பொறுக்கி ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டோம். ஆயிற்று பகடை.

இதில் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். பகடையை ஒவ்வொரு முறையும் புதிதாக உருட்டுகிறோம். அப்படியானால் எடுத்த வில்லையை மறுபடி டப்பாவில் போட வேண்டும் அல்லவா? ஹவுஸியில் கூவிய எண்ணைத் திரும்பப் போடுகிற வழக்கமே கிடையாது. அந்தப் பழக்கத்தில் நாங்களும் போடவில்லை. இருபதும் தீர்ந்து டப்பா காலியான பிறகுதான் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு அடுத்த சுற்றை ஆரம்பிப்போம். ஆங்கிலப் புத்தகங்களை வரி விடாமல் படிப்பவன் என்று பெயர் வாங்கியிருந்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

மூன்றாவது ஆள் ஒரு ஷண்டர். ரயில்வே யார்டில் வேகன்களை எஞ்சினோடு மாட்டிக் கழற்றுகிறவன். அவனும் எங்களோடு படித்தவன்தான். திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் வருவான். தன் வீரனுக்கு மகாசூரன் என்று பெயர் வைத்தான். நண்பனிடம் பெயர் கேட்டேன்.

"பேரு இன்னாத்துக்கு மாமு? சம்பளமா வாங்கப் போறான்?" என்றான். அதனால் அவனுடைய வீரன் கடைசிவரை பேரில்லாதவனாகவே இருந்தான்.

கதை சொல்கிற வேலை எனக்கு. ராஜ்ஜியம், காடு, மந்திரவாதி கோட்டை என்று பெரிதாக ஆரம்பித்தேன். ஆனால் நான் என்ன கற்பனை செய்தாலும் அது நாலாவது வாக்கியத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் போய் நின்றது. என் பாதாளக் குகைக்குக் கொப்பரைக் கிடங்கின் வாடை. மாயநதியில் முழங்கால் அளவு சேறு, நடுவில் இறால் வலை. நண்பனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. தெரிந்த இடமாக இருந்தால் சண்டை போட வசதி என்றான்.

அவன் சண்டை போட்ட விதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மலை உயர ராட்சசன் வருகிறான் என்று நான் குரலை ஏற்றி இறக்கிச் சொல்வேன். ஷண்டர் வாளை உருவிக்கொண்டு நேரே போவான். நண்பன் அமைதியாகக் கேட்பான்: "எத்தினி டன்னு இருப்பான்?"

ராட்சசனை அவன் சரக்காகத்தான் பார்த்தான். கயிறு எங்கே மாட்டுவது, கொக்கி தாங்குமா, சரக்கு தொங்கும்போது யாரும் அடியில் நிற்கக் கூடாது. மலையடிவாரத்து மரத்தில் கயிற்றைப் போட்டு, ராட்சசன் கால் தடுக்கியதும் அவனைத் தலைகீழாகத் தூக்கிவிட்டான். பத்து எதிரிகள் சேர்ந்து வந்தால் குறுகலான இடம் தேடுவான். "கப்பல்ல ஆயிரம் பேர் இருந்தாலும் ஏணில ஒவ்வொருத்தனாத்தான் எறங்கணும். ஏணி அடில நின்னுக்கோ, போதும்" என்பான். ஷண்டருக்கு இந்தப் பொறுமை கிடையாது. "எஞ்சினுக்காவது ரிவர்ஸ் கீது, இவனுக்கு அதுவும் இல்ல" என்று நண்பன் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஆனால் விளையாட்டை நிறுத்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மற்ற ஆறு நாளும் பனியனோடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்து, சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்.

எதிரிகளுக்காக வில்லை எடுப்பது கதைசொல்லியின் வேலை. பழைய காலண்டர் அட்டை ஒன்றை நிறுத்தி, அதற்குப் பின்னால் எடுப்பேன். பதினைந்துக்கு மேல் வந்தால் வீரனுக்குக் காயம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று காயம் பட்டால் வீரன் செத்தான். செத்தவனுக்குப் பதில் ஷண்டர் அடுத்த வாரம் இன்னொரு மகாசூரனை இறக்குவான்.

ஒரு ஞாயிறு, பேரில்லாதவனுக்கு இரண்டு காயம் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் நண்பனுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பத்திரிகையில் ராசிபலன் பகுதியைப் பார்த்துச் சிரிக்கிறவன் நான். என் அலமாரியில் பகுத்தறிவு நூல்களே இரண்டு வரிசை. அத்தனையும் படித்த அந்த மூளை, அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஒரு முடிவுக்கு வந்தது: பேரில்லாதவன் சாகக் கூடாது. அவன் செத்தால் இவன் செத்துவிடுவான்.

அடுத்த வாரம் முதல் அட்டைக்குப் பின்னால் என் திருப்பணி தொடங்கியது. பேரில்லாதவனை எதிரி தாக்கும்போது பதினெட்டு வந்தால் அதை மடியில் நழுவவிட்டு 'ஐந்து' என்பேன். பத்தொன்பது வந்தால் 'ஏழு'. புலி, பேய், ஆறு கை அசுரன், யார் வந்தாலும் குறி தவறியது. பேரில்லாதவன் ஆறு மாதம் உயிரோடு இருந்தான். நானும் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டு ஆறு மாதம் தூங்கினேன்.

இதற்கு நடுவில், இதய ஆபரேஷன் செய்தால்தான் வழி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாள் குறித்தார்கள். டாக்டர் பேசியதில் பாதி ஆங்கிலம் என்பதால், வெளியே தனியாக விவரம் கேட்டுக்கொள்ள நண்பன் என்னைத்தான் அனுப்பினான். அந்த டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. நோய் முற்றிய பிறகு வந்திருக்கிறான், இந்த நிலைமையில் மேஜை மேல் படுக்கிறவர்களில் பத்துக்கு நாலு பேர்தான் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றார். செய்யாவிட்டால்? ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை.

வார்டுக்குத் திரும்பி வந்தேன். கட்டிலில் அவன், பக்கத்தில் ஸ்டூலில் அவன் மனைவி. நாலு கண்கள் என்னையே பார்த்தன.

"பத்துக்கு எட்டு பேர் பொழச்சிடறாங்களாம்" என்றேன்.

அவன் மனைவி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். 'அப்ப சரி' என்றான்.

ஆபரேஷனுக்காக அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு வழக்கம்போல் கூடினோம். அன்று ஓநாய்க் கூட்டம். நண்பன் எதுவும் மாற்றமாக நடந்துகொள்ளவில்லை. சாயங்காலம் ஷண்டர் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நான் அட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமு" என்றான் நண்பன். "இன்னிக்கு நாலு ரெண்டு வாட்டி வந்துச்சு."

"எந்த நாலு?"

"ஒரு சுத்துல நாலு ஒரு வாட்டிதான வரணும்? டப்பாவுல ஒரே ஒரு நாலுதான கீது? மொதல்ல நம்ம ஷண்டர் எடுத்தான், ஓநாயை வெட்டச்சொல்லோ. அப்பால நீ எடுத்தே, ஓநாய் என்னைக் கடிக்க வரச்சொல்லோ. பதினேழு வரவே இல்ல."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய டாலி காகிதத்தை எடுத்து நீட்டினான். பென்சிலால் ஒன்றிலிருந்து இருபது வரை பத்தி பிரித்து, சுற்றுக்குச் சுற்று கோடு போட்டிருந்தான். ஆறு மாதக் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன எண் இரட்டித்திருந்தது. ஒரு பெரிய எண் காணாமல் போயிருந்தது. அந்த இடங்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். காகிதம் முழுக்க வட்டங்கள். வட்டங்கள் அத்தனையும் நான்.

"மூட்டை கொறஞ்சா டாலி கிளார்க்குக்குத் தெரியாதா மாமு? சும்மா படுத்துனு கீறவனுக்கு எண்றத வுட்டா வேற வேலை இன்னா?"

அத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ ஆசையா பண்ணிக்கினு இருந்தே. அந்த ஆளு செத்தா உனக்கு பேஜாராப் பூடும்னு வுட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அது ஆட்டம். ஆனா டாக்டர் எட்டுன்னாருன்னு நீ வந்து சொன்ன பாரு, அப்போ உன் மூஞ்சி அந்த அட்டைக்குப் பின்னால இருக்கற மூஞ்சியா இருந்துச்சு. அதான் கேக்கறேன். அவரு எவ்ளோ சொன்னாரு?"

தெருவில் யாரோ ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் வந்து, தேய்ந்து, நின்றது.

"நாலு" என்றேன்.

அவன் கையை நீட்டி டப்பாவை வாங்கினான். வில்லைகளைப் போர்வை மேல் கொட்டி, நாலு நாலாக ஐந்து வரிசையில் அடுக்கினான். எல்லாவற்றையும் எண் தெரியாமல் கவிழ்த்தான். பிறகு முதல் இரண்டு வரிசையை மட்டும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். பத்துக்கு நாலு என்றால் இருபதுக்கு எட்டு. எண் தெரிந்த எட்டையும் கவிழ்ந்து கிடந்த பன்னிரண்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் பன்னிரண்டுதான் தெரிந்தது.

"அவ்ளோ கம்மி இல்ல" என்றான் கடைசியில். "ஆனா எட்டுன்னு நெனச்சிக்கினு போயிருந்தேன்னா, எம் பொண்ணுகிட்ட ரெண்டு நாள்ல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். அத யோசிச்சியா நீ?"

யோசிக்கவில்லை. ஓர் எண்ணை மாற்றிச் சொன்னதில் அவனுக்குத் தைரியம் கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு மனிதன் தன் மகளிடம் சொல்லிக்கொள்ள வேண்டியதை நான் பறித்துக்கொண்டது என் மண்டையில் ஏறவே இல்லை.

"போய் என் பொண்டாட்டிகிட்டயும் நீயே சொல்லு" என்றான். அவன் எனக்குக் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான்.

அவன் மனைவி பின்கட்டில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. எடுத்துக்கொண்டிருந்த மீனை முடித்து, தண்ணீரில் அலசி, சட்டியில் வைத்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

"கிறிஸ்மசுக்கு மூணு வாரம் கீது. முடிஞ்சப்பறம் போலாமா, டாக்டர கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றாள். நான் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. "இந்த வாட்டியாவது அவரு சொல்றத அப்டியே சொல்லுங்க."

டாக்டரைக் கேட்டேன். மூன்று வாரத்தில் ஒன்றும் மாறாது, ஜனவரி முதல் வாரம் வாருங்கள் என்றார். அதை அப்படியே, மூச்சு விட்ட இடம் உட்பட, சொன்னேன்.

அந்த மூன்று வாரத்தில் அவன் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மூங்கில் சிம்பும் கலர்த் தாளும் வாங்கிவரச் சொல்லி, மகளை மடியில் வைத்துக்கொண்டு கிறிஸ்மஸ் ஸ்டார் செய்தான். ஒரு முனை கோணலாகப் போய்விட்டது. மகள் அதுதான் அழகு என்று சொல்லிவிட்டதால் அப்படியே தொங்கவிட்டார்கள். கிறிஸ்மஸ் அன்று காலையில் ரிக்‌ஷாவில் கோயிலுக்குப் போனான். படியில் மூன்று இடத்தில் நின்றான், யாரையும் தூக்கவிடவில்லை. மகளிடம் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. சொன்னான் என்பது மட்டும் தெரியும். ஒரு நாள் நான் போனபோது அவள் அவன் கையை விடாமல், ஆனால் அழாமல், கட்டிலில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு கடைசியாக விளையாடினோம். நான் உட்கார்ந்ததும் காலண்டர் அட்டையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டான் நண்பன்.

"அத ஏன் எடுத்துட்டே?" என்றான் ஷண்டர்.

"காத்து வர்ல" என்றான் இவன். ஷண்டருக்கு நான் செய்தது தெரியாது. நண்பன் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அன்றைய கதை எளிமையானது. உப்பளத்து ஜனங்களைக் கொள்ளைக்கூட்டம் துரத்துகிறது. அவர்கள் தப்பிக்க ஆற்றின் மேல் ஒரே ஒரு மரப்பாலம். மகாசூரன் ஜனங்களுக்கு வழிகாட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டான். பேரில்லாதவன் இக்கரையில், பாலத்தின் வாயில் நின்றான். இரண்டு மணி நேரம் சண்டை. பாலத்தில் ஒவ்வொருவனாகத்தான் வர முடியும் என்பதால் தாக்குப் பிடித்தான். ஆனால் இரண்டு காயம் பட்டுவிட்டது. இன்னும் ஒன்று பட்டால் தீர்ந்தது. பாலத்தின் மேல் இன்னும் கிழவர்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கொள்ளைக்கூட்டத் தலைவன் கோடாலியைத் தூக்கினான்.

"ஆத்துல குதிச்சிடு!" என்று ஷண்டர் நிஜமாகவே கத்தினான். "உனக்குத்தான் நீஞ்சத் தெரியும்ல! குதி!"

"குதிச்சா அந்தத் தலைவன் நேரா பாலத்துமேல பூடுவான். ஜனம் நடுவுல கீதே." நண்பன் டப்பாவைப் பார்த்தான். "மாமு, உள்ளாற அஞ்சு வில்லை கீது. பதினாறு, பதினெட்டு, இருபது. அப்பால மூணு, ஒம்போது."

ஐந்து வில்லைகளில் மூன்று சாவு. இரண்டு பிழைப்பு. ஐந்தில் இரண்டு என்றால் பத்தில் நாலு. கணக்கில் நான் மந்தம். இருந்தும் அதைப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவன் மனைவி எப்போது கதவருகில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"நிக்கறேன்" என்றான் நண்பன். "எடு. கண்ணாடிய கழட்டிட்டு எடு."

கழற்றினேன். சட்டைக் கையை மடித்துவிட்டேன். டப்பாவுக்குள் விரல்கள் ஐந்து வில்லைகளின் மேல் ஊர்ந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல் ஒரு பொருளை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. எடுத்துத் திறந்த உள்ளங்கையில் வைத்து, பார்க்காமல் அவன் பக்கம் நீட்டினேன்.

"ஒம்போது!" என்று ஷண்டர் கட்டிலைக் குத்தினான்.

கோடாலி பாலத்துக் கட்டையில் புதைந்தது. கிழவர்கள் அக்கரை சேர்ந்தார்கள். பாலத்தை வெட்டிவிட்டுப் பேரில்லாதவன் ஆற்றில் குதித்து நீந்திப் போனான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பொய் கலக்காமல் வந்த ஒன்பது அது. 'பாத்தியா, பாத்தியா' என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். 'நீ எழுந்து வந்துடுவே, பாரு' என்றேன். இரண்டு வரிசை பகுத்தறிவு நூல்கள் வைத்திருந்தவன் பேசிய பேச்சு.

அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "மாமு, அது வேற டப்பா" என்றான்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. மேஜையிலிருந்து உயிரோடு வந்தான். மறுநாள் கண் திறந்து மனைவியைப் பார்த்தான் என்றார்கள். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அந்த டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். பழக்கத்தில் என்னிடம்தான் பேசினார், ஆங்கிலத்தில். இதயம் தாங்கவில்லை, எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம், கால் மணி நேரத்துக்கு முன்னால் போய்விட்டார், வலி இருந்திருக்காது என்றார். நான் அவன் மனைவி பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், அதைத் தமிழில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "கால் மணி நேரமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஸ்டூலில் இருந்த அவன் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஷண்டர் அவ்வளவு பெரிய உடம்போடு சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு இதைக் கேட்ட சிலர், உண்மையைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே, சந்தோஷமாகவாவது போயிருப்பான் என்றார்கள். இருக்கலாம். ஆனால் எட்டு என்று நம்பிக்கொண்டு போயிருந்தால் அவன் ஏமாந்து போன ஆளாகத்தான் போயிருப்பான். நாலு என்று தெரிந்துகொண்டு, கோணல் ஸ்டார் ஒன்றைத் தொங்கவிட்டு, படியில் மூன்று இடத்தில் நின்று, தன் காலால் நடந்து போனான். என் புத்தகங்களில் வீரர்களுக்கு என்னென்னவோ இலக்கணம் இருந்தது. கணக்கைச் சரியாகத் தெரிந்துகொண்டு அந்த இடத்தைவிட்டு நகராமல் நிற்பது என்ற ஒன்றை அவன் கட்டிலில் படுத்தபடியே எனக்குக் காட்டிவிட்டுப் போனான். இப்போதும் யாருக்காவது நல்லது செய்வதாக நினைத்து எதையாவது கூட்டிச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அதனால் அவருக்குக் கிடைக்காமல் போகப்போவது எது என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன். பாதி நேரம் வாயை மூடிக்கொள்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, நானும் ஷண்டரும் கோயிலுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். என்னால் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அட்டைக்குப் பின்னால் ஆறு மாதம் நான் செய்த திருட்டுத்தனம், டாலி காகிதம், வட்டங்கள், எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி முடித்தேன். அவன் கிளாஸின் அடியில் இருந்த டீயை ஒரு சுற்றுச் சுற்றிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என் ஆளு அஞ்சு வாட்டி செத்தான் மாமு. ஒரு வாட்டியாவது பொய் சொல்லணும்னு உனக்குத் தோணுச்சா?"